தவளைக்கு விட்ட இடைவெளி

1
ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. காரணம் ஒரு தவளை. சிரிக்காதீர்கள்; நான் சிரித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ஒரு காலத்தில் அங்கே ஒரு குளம் இருந்தது, அதில் நிலா—

(அடித்துவிட்டேன். குளம் என்றதும் நிலாவைக் கூப்பிடுகிற கை இது. நான் அந்தக் குளத்தைப் பார்த்ததே இல்லை.)

அக்கா பார்த்திருக்கிறாள். அவள் ஒலிப்பதிவுக்காரி, மழையில் நனைந்தபடி அந்தக் குளத்துத் தவளைகளைப் பதிவு செய்தவள். பிறகு குளத்தை மூடி மருத்துவமனை கட்டினார்கள். நோயாளிகளின் மன அமைதிக்காக, மாலையில் அதன் தோட்டத்தில் அதே பதிவை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். இதை நானே கற்பனை செய்திருந்தால் மிகையென்று வெட்டியிருப்பேன்.

3
போன வாரம் மழை. ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் போன அக்காவுக்கு, அதன் அடியில் பதிவில் இல்லாத ஒரு குரல் கேட்டது. உயிருள்ள தவளை, ஒற்றை ஆள். கத்தத் தொடங்குவதும் பாதியில் விழுங்குவதுமாக இருந்தது. தன்னைக் கூப்பிடுபவை எல்லாம் செத்துப்போனவை என்று அதற்குத் தெரியாது.

ஒரு தவளை கத்தி நிறுத்தும். அந்த இடைவெளியில் இன்னொன்று பதில் சொல்லும். கேட்பவர்களுக்கு அலுக்குமென்று பதிவிலிருந்து அந்த இடைவெளிகளையெல்லாம் அக்கா வெட்டியிருந்தாள். அவள் தொழிலில் மௌனம் என்றால் குப்பை.

"அது பேச வருது. நான் விடல," என்றாள்.

(இங்கே மனித இனத்தைப் பற்றி நீளமாக ஒரு பத்தி இருந்தது. மிஞ்சியது இதுதான்: இந்தப் பூமிக்கு நேற்றுக் குடிவந்தவர்கள் நாம், சீக்கிரமே காலி செய்யப்போகிறவர்கள், அதற்குள் இவ்வளவு சத்தம். எனக்கும் துக்கம்தான்.)

4
அக்கா இடைவெளிகளைத் திரும்ப வைத்தாள். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதென்று நோயாளிகள் நினைப்பார்கள் என முணுமுணுத்த மருத்துவமனை மேலாளர், ஒரே ஒரு மாலைக்கு ஒப்புக்கொண்டார். இன்று அந்த மாலை. ஒரே குடைக்குள் நாங்கள் இருவரும் செடிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறோம்.

முடிவு ஒன்று: தவளை பதில் சொல்கிறது. அக்கா என் தோளில்—

முடிவு இரண்டு: அது ஏற்கெனவே—

இரண்டையும் என்னால் நன்றாகவே எழுத முடியும். அது அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் காதோரம் சொன்னாள்:

"அவங்க குளத்த மூடிட்டாங்க. நான் இடைவெளிய மூடிட்டேன். நீயாவது சும்மா இருடா."

பதிவு ஓடுகிறது. தவளைகள் கத்தி நிறுத்துகின்றன. நீங்களும் கொஞ்சம் குந்துங்கள்.

(                                        )