டெண்டரில் பிறந்த பிள்ளை

எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்ற செய்தியை நான் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு தமிழ்க் கடையில்தான் கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். என்னைவிட ஏழெட்டு வயது கூடிய ஒரு பெண் கூடையோடு கிட்ட வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். நீங்கள்தானே சுவர்ணா பரமேஸ்வரன், எங்கள் கட்டடத்தைத் திருத்தின மனேஜர் என்று கேட்டார். பெயர் என்னுடையதுதான். கட்டட நிர்வாகக் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன், மனேஜர் என்பதும் சரிதான். எந்தக் கட்டடம் என்று நான் கேட்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"பிள்ளைக்கு இப்ப இரண்டு வயது இருக்குமே? ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

கல்லாவில் வரிசையாக நின்ற மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கலியாணமாகிப் பதினான்கு வருடம். கோயிலிலும் பிறந்தநாள் மண்டபங்களிலும் "விசேஷம் ஒண்டும் இல்லையோ" என்று கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்க்கிற பார்வை. நான் கோபக்காரி. வேறு எதற்கும் வாய்க்கு வாய் பதில் சொல்வேன். இதற்கு மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கு எந்தப் பேய் பிடித்ததோ, வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"பொம்பிளைப் பிள்ளை. சுகமா இருக்கிறா."

சொன்ன மறுகணம் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போல இருந்தது.

அவருடைய பெயர் இம்மாகுலேற். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை. கடைக்குப் பின்னால் உள்ள பழைய ஆறுமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கட்டடத்தின் குழாய்களையும் மின்சாரத்தையும் கதவுகளையும் புதிதாக மாற்றும் வேலை, ஆட்கள் உள்ளே குடியிருக்கும்போதே தொடங்கியது. எடுத்துச் செய்தது எங்கள் கம்பெனி. குடியிருந்தவர்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் பொறுப்பான மனேஜர் என்று என் படம் இருந்திருக்கிறது. ஒரு வருடம் கழித்து ஒரு கூட்டத்தில், மனேஜருக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, விடுமுறையில் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அந்தக் கட்டடத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

வந்தனீங்கள் ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ என்று இம்மாகுலேற் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். நடைபாதையில் மின்சார அலுமாரியைத் திறந்து காட்டினார். கீழிருந்து மேல்வரை போகிற குழாய்களையும் வயர்களையும் சுற்றி, நெருப்பும் புகையும் ஏறாதபடி தனியான சாந்து வைத்து அடைக்கவேண்டும். அதுதான் என் தொழில். அதற்காகத்தான் நான் இரவிரவாகப் படித்துச் சோதனைகள் பாஸ் பண்ணினேன். அங்கே ஓட்டைக்குள், ரீவிப் பெட்டிகளில் வைத்து வருகிற வெள்ளை றெஜிபோம் துண்டுகளைத் திணித்து, மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். விரலால் தட்டினேன், துண்டு கழன்று விழுந்தது. என் முஷ்டி போகிற அளவு ஓட்டை. அதனூடாக நாலாம் மாடி வெளிச்சம் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே சக்கர நாற்காலியில் அவருடைய கணவர் கிறிஸ்துராஜா இருந்தார். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் வழங்காது. நெருப்புப் பிடித்தால் லிப்ட் ஓடாது, இவரைத் தூக்கிக்கொண்டு நான் எந்தப் படியால் இறங்குகிறது என்று இம்மாகுலேற் கேட்டார். குடியிருப்பாளர்கள் எழுதிய முறைப்பாட்டுக்கு எங்கள் கம்பெனி அனுப்பிய பதிலை எடுத்து வந்து காட்டினார். மறைவான வேலைகள் யாவற்றையும், மகப்பேற்று விடுமுறையில் செல்லும் முன்பாக, தகுதிபெற்ற எங்கள் மனேஜர் சுவர்ணா பரமேஸ்வரன் நேரில் சோதித்து ஏற்றுக்கொண்டார். ஓட்டைகள் அதன் பின் வேறு யாரோ போட்டவை. அவ்வளவுதான் பதில்.

"நீங்கள் பாத்தனீங்களோ, பாக்கேல்லையோ? அதை மட்டும் ஒரு கடிதமா எழுதித் தருவீங்களோ?"

கம்பெனிக் கந்தோரில் பைலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன். பார்க்கவில்லை என்று எழுதினால், பிள்ளை இல்லை என்றும் எழுதவேண்டும். அரைமணிக்கு முன்தான் அந்த மனுஷிக்கு என் மகளின் சுகத்தைச் சொல்லியிருந்தேன்.

எங்கள் தொழிலின் வழக்கத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒரு வேலைக்குக் கம்பெனிகள் போட்டி போட்டு டெண்டர் எழுதும்போது, வேலையை நடத்தப்போகிறவரின் படம், படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் வைக்கவேண்டும். அதற்குப் புள்ளி உண்டு. பத்துக்கு ஒன்பது வாங்குகிற சுயவிபரம் என்னுடையது. அதனால் ஒரே நேரத்தில் பதினொரு டெண்டரில் நான் முழுநேர மனேஜர். வென்ற பிறகு வேறு யாராவது போவார்கள். கலியாணப் புரோக்கர் காட்டிய படத்தில் ஒருத்தி, மணவறையில் இன்னொருத்தி. தொழில்திறமை வளர்க்கிறோம், போட்டியில் முன்னுக்கு நிற்கிறோம் என்று எங்கள் கம்பெனி மேடைக்கு மேடை சொல்வதெல்லாம் இதைத்தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒன்பது புள்ளி என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தவள்தான் நான். ஆளை மாற்ற என்ன காரணம் எழுதுகிறார்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ரோஹித்தைப் பிடித்தேன். சென்னைப் பொறியாளர், டெண்டர் எழுதும் பிரிவில் இருக்கிறார், விசா கம்பெனியின் கையில். இம்மாகுலேற்றிடம் வாங்கி வந்த பதில் கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்ததும் அவருடைய முகம் செத்துப்போனது. பெயர்போட்ட ஆளை மாற்ற வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும், வேறு வேலைக்கு அனுப்பிவிட்டோம் என்றால் சண்டைக்கு வருவார்கள் என்று தரையைப் பார்த்தபடி விளக்கினார்.

"மெட்டர்னிட்டி லீவுன்னா எவனும் மறுகேள்வி கேட்க மாட்டான், அக்கா. டைரக்டர் சொன்னாரு, நான் எழுதினேன். நான் எழுதலைன்னா வேற ஆள் எழுதியிருப்பாங்க."

பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு வாழ்த்து அட்டையை எடுத்துத் தந்தார். தாயும் சேயும் நலமாக வாழ்க. கீழே அந்தக் கட்டடத்தின் நாற்பது வீட்டாரின் கையெழுத்து. இரண்டு வருடமாக யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாராம். அதை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். துக்கமா, ஆத்திரமா என்று கேட்டால் இரண்டும்தான்.

டைரக்டர் கோலின் கெட்டவர் போலவே பேசமாட்டார். அதுதான் அவருடைய பலம். கதவைச் சாத்தி, தண்ணீர் வைத்து, நான் சொன்னதையெல்லாம் ஆறுதலாகக் கேட்டார். இந்தக் காரணத்தை யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். நீங்கள் அந்தச் சமயம் சிகிச்சைக்காக மூன்று கிழமை லீவு கேட்டீர்களே, அவ்வளவு நம்பிக்கையோடு இருந்தீர்கள், எப்படியும் சரிவரும் என்றுதான் நாங்களும் நினைத்தோம் என்றார்.

அது எங்களுடைய மூன்றாவது ஐவிஎப். என் கணவரையும் டொக்டரையும் தவிர அதைச் சொன்ன ஒரே ஆள் கோலின்தான், லீவுப் படிவத்தில் அவர் கையெழுத்து வைக்கவேண்டியிருந்ததால். கரு ஆறாவது கிழமையில் கலைந்தது. நான்காம் நாள் வேலைக்கு வந்தேன். பூவும் அனுப்பினார் அந்த மனுஷன். நான் இழந்ததை இவர்கள் பத்திரமாக எடுத்து, பெற்று வளர்த்து, டெண்டருக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதைவிட வயிற்றில் அடிக்க முடியுமா?

எல்லாவற்றையும் திருத்தலாம், வியாழக்கிழமை மட்டும் முடியட்டும் என்றார் கோலின். வியாழக்கிழமை குரோய்டனில் பெரிய வீட்டுத்தொகுதி வேலைக்கான டெண்டர் நேர்முகம். அது கம்பெனிக்குக் கிடைத்தால் நான் துணை டைரக்டர். பதவி என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். மற்றவர்களைத் திட்டுகிறபோது இதையும் சொல்லவேண்டும் அல்லவா?

வியாழக்கிழமை மேசைக்கு அந்தப் பக்கம் வேலை கொடுக்கிறவர்கள் நாலு பேர். தலைமை தாங்கியவர் நரைத்த முடியோடு ஒரு அம்மா, நல்ல மனுஷி போலத்தான் இருந்தார். இந்தப் பக்கம் கோலின், நான், ரோஹித். முதல் அரைமணி நேரம் நான் நன்றாகவே பதில் சொன்னேன். பிறகு அந்த அம்மா டெண்டரில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். தொழிலில் பெண்களை வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு நீங்கள் எழுதிய உதாரணம் எங்கள் மனதைத் தொட்டது, முழுப்புள்ளி கொடுத்தோம் என்றார். வால்தம்ஸ்டோ வேலையை அடித்தளம் வரை சரிபார்த்துவிட்டுப் பிள்ளைப்பேற்றுக்குப் போய், திரும்பி வந்து இன்னும் உயர்ந்த பொறுப்பை எடுத்த சுவர்ணா. அதைப் பற்றி உங்கள் வாயால் கேட்க விரும்புகிறோம் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ரோஹித் பேனாவை மூடினார். கோலின் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார், சொல்லு என்பது போல. திங்கட்கிழமை எனக்குத் தண்ணீர் வைத்துத் தந்தபோதே டெண்டரின் இந்தப் பக்கம் அச்சடித்து அனுப்பப்பட்டிருந்தது.

நான் சொன்னேன். இந்தப் பக்கத்தில் இருப்பது ஒன்றும் உண்மை இல்லை. அந்தக் கட்டடத்தில் நான் ஒருநாளும் வேலை செய்யவில்லை. போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், ஓட்டைகளுக்குள் றெஜிபோம் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. மூன்று முறை முயன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சிகிச்சைக்கு நான் எடுத்த லீவை வைத்து இதை எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்ல ஒரு நிமிடமும் ஆகவில்லை. கோலின் குறுக்கே வந்து, சுவர்ணாவுக்கு உடல்நலம் சரியில்லை, சிறிய இடைவேளை தரமுடியுமா என்று கேட்டார். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நான் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கோலின் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். நாற்பது பேரின் ஆறுமாத உழைப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். நாற்பது வீட்டைக் கெடுத்ததற்கு அவரிடம் கணக்கே இல்லை.

அங்கிருந்து நேரே வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். இம்மாகுலேற் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தேத்தண்ணி போட எழும்பியவரை இருக்கச் சொன்னேன். கட்டடத்தை நான் சோதிக்கவில்லை, இங்கே வேலை செய்யவே இல்லை, அதைக் கடிதமாக எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுவரை லேசாக வந்தது.

"அக்கா, நான் கடையில சொன்னது பொய். எனக்குப் பிள்ளை இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

அவர் என்னை அணைத்து ஆறுதல் சொல்லுவார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன். அவர் சொல்லவில்லை. முகம் இறுகிப்போய் இருந்தார்.

"றெஜிபோம் அடைக்கேக்கையே நாங்கள் கண்டனாங்கள். முறைப்பாடு எழுதவும் வெளிக்கிட்டனாங்கள். அப்பதான் பிள்ளை எண்டு சொன்னாங்கள். பச்சை உடம்புக்காரிக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது, திரும்பி வரட்டும் எண்டு நான்தான் எல்லாரையும் மறிச்சனான். ஒரு வருஷம் பொறுத்தம்."

கோலின் எழுதவைத்த பொய் இவர்களின் நல்ல மனதில் போய்த்தான் வேலை செய்திருக்கிறது. அந்தப் பொய்யைப் போன சனிக்கிழமை என் வாயால் நானும் ஒருமுறை உறுதிப்படுத்தியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். முதலில் எழுதுங்கோ என்றார்.

மேசையில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. கீழே என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். இம்மாகுலேற் இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். மூலையில் இருந்த கிறிஸ்துராஜா, தனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, என்ன எழுதியிருக்கிறது என்று குளறின வாயால் கேட்டார். இம்மாகுலேற் கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை. என்னிடமே திருப்பித் தந்தார்.

நான் எழுந்து நின்று, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இந்தக் கட்டடத்தில நான் ஒருநாளும் வேலை செய்யேல்லை. இதில ஒண்டையும் நான் சோதிக்கேல்லை. நான் பிள்ளைப்பேற்று லீவில போகேல்லை. எனக்குப் பிள்ளை பிறக்கேல்லை. அந்தக் கடைசி வரியையும் விழுங்காமல் முழுதாகச் சொன்னேன். பதினான்கு வருடத்தில் அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்தடவை.

"பேரையும் வாசியுங்கோ" என்றார் கிறிஸ்துராஜா.

வாசித்தேன்.