முப்பத்தோராவது நட்சத்திரம்

ஜெப்சியின் பட்டியலில் முப்பத்தொரு நட்சத்திரங்கள் இருந்தன. சிலி நாட்டு மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் கிடைத்த நேரமோ முப்பதுக்குத்தான் காணும். ஒன்றை வெட்டி, ஞாயிறு மதியத்துக்குள் பட்டியலை அனுப்பியாக வேண்டும். எதை வெட்டுவது என்பதில் அவளோடு ஆராய்ச்சி செய்யும் ஷாஜனுக்குச் சந்தேகமே இல்லை. அவள் மாதக்கணக்காகக் கனவு கண்டுகொண்டிருந்த நட்சத்திரத்தைத்தான்.

"வயசு தெரியாததை வச்சிட்டு என்ன செய்ய?" என்றான் போனில். "இளசா இருந்தாத்தான் அதைச் சுத்துற பெரிய கோள் பிறந்த சூடு ஆறாம மினுங்கும். கிழடுன்னா நாலு மணிநேரம் இருட்டைப் படம் பிடிச்சிட்டு வரலாம்."

இரண்டு கோடி வருஷம் என்றது ஒரு கணக்கு. ஐம்பது கோடி என்றது இன்னொன்று. கூட்டமாகப் பிறந்த நட்சத்திரம் என்றால் கூடப்பிறந்தவற்றை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். இது தனியன். ஜெப்சிக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா செல்லபாய்க்கு அது பொறுக்கவில்லை. நெய்யூரில் அவர்கள் சபையில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் போதகர் ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார். செல்லபாய் எழுதிக் கொடுத்தாள். கோயிலில் நட்சத்திரம் என்று வாசித்தால் ஜாதகம் பார்க்கிற வீடு என்று பேராகிவிடுமே என்று அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டாள்.

"சகோதரி செல்லபாயின் மகள் ஜெப்சி மனதில் வைத்திருக்கும் காரியத்தில், வயது தடையாக இராதபடிக்கு ஜெபிப்போம்," என்று வாசித்தார் போதகர்.

ஆமென் அன்று வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

ஆராதனை முடிந்ததும் நேசபாய் மாமி வாசலிலேயே ஜெப்சியின் கையைப் பிடித்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அம்மா இவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றே ஜெப்சி நினைத்தாள்.

"ஏட்டி, வயசு எத்தற?"

"ரெண்டு கோடி இருக்கும் மாமி. அம்பது கோடின்னும் சொல்லுதாங்க."

"சொத்தை ஆரு கேட்டா? வயசைச் சொல்லு."

"அதான் பிடி கிடைக்கல்ல. கூடப்பிறந்தது ஒண்ணுகூட இல்ல, தனி."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாக்க எப்படி?"

"வெறும் கண்ணுக்குத் தெரியாது. ரொம்ப மங்கல்."

"எங்க இருக்கு, கல்ஃபா?"

"அதுக்கும் அங்க."

"வயசு தெரியாது, குடும்பம் கிடையாது, கண்ணால கண்டதும் இல்ல," என்றாள் மாமி. "பின்ன எதுக்கு மக்களே இந்தப் பிடிவாதம்?"

"எனக்குத் தோணுது மாமி. அங்க ஒண்ணு இருக்கும்னு."

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. போன மாதம் ஷாஜன் ஒரு நட்சத்திரத்துக்கு இதே காரணத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். மணி பதினொன்றரை. போனை எடுத்தாள். தன் நட்சத்திரம் இருந்த வரியை அழித்தாள். பட்டியலை அனுப்பிவிட்டாள்.

"வெட்டியாச்சு மாமி," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"கொள்ளாம், நல்ல காரியம்! அழாத மக்களே," என்று அவளை அணைத்துக்கொண்ட மாமி, பின்னால் திரும்பினாள். "ஏ பிள்ளே, நம்ம ராஜகுமாருக்க மூத்தவன் படத்தை எடு. பக்கத்துத் தெரு. பிறந்த தேதி கோயில் ரிஜிஸ்டர்லயே கெடக்கு."