நதீராவின் இத்தா

பிரதி மந்திரி மர்சூக்கின் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளிநாட்டுக்கு உழைக்கப் போகிறவர்களின் விவகாரமெல்லாம் அவர் கையில். என் தங்கை நதீராவின் மாப்பிள்ளை றவூப் அவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டுதான் கல்முனையிலிருந்து ஈராக்குக்கு லொறி ஓட்டப் போனார்.

எண்பத்திரண்டில் பாலமுனைக் கச்சிமுகம்மது திரும்பி வந்தார். றவூபோடு ஒரே முகாமில் இருந்தவர். "பஸ்ராப் பக்கம் குண்டு உழுந்திச்சி ராத்தா. றவூப்ட லொறி எரியிறத்த என்ட கண்ணால கண்டன்" என்று வாசலில் நின்று என்னிடம் அழுதார்.

நதீரா கத்தவில்லை. வளையல்களைக் கழற்றினாள். வெள்ளைப் பிடவை உடுத்து, உள் அறையில் திரை கட்டி இத்தா இருந்தாள். மாப்பிள்ளை மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் அப்படித்தான். அந்நிய ஆண் முகம் பாராமல் ஆற அமர அழுது தீர்க்க ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற காலம் அது ஒன்றுதான்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, வாசலில் மந்திரியின் ஜீப். வோட்டுக் காலம். கூடவே பத்திரிகைக்காரர்கள்.

"ஆரு மவுத்து எண்டு சொன்ன?" என்று திரைக்கு வெளியே நின்று சத்தமாகக் கேட்டார். "தூதரகத்தோட நானே கதைச்சன். றவூப் ஆசுபத்திரியில உசிரோட இரிக்காரு. உசிரோட இரிக்கிற மனிசனுக்கு இத்தாவா? வெளிய வாங்க தங்கச்சி, நான் பொறுப்பு."

நதீரா வெளியே வந்தாள். சிவப்புச் சேலை உடுத்து, வளையல்களைத் திரும்பவும் போட்டாள். மந்திரியோடு அவள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் பேப்பரில் வந்தது. மந்திரியின் கட்சி வென்றது. அதன்பிறகு நாங்கள் எத்தனை தரம் கொழும்புக்கு அலைந்தாலும் "விசாரிக்கிறம்" என்ற ஒரே பதில்தான். அவளோ பெருநாளுக்குப் பெருநாள் றவூப் உடுக்கவென்று புதுச் சாரன் வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

எண்பத்தாறில் அதே ஜீப் வந்தது. இந்தமுறை மந்திரியோடு பள்ளிவாசல் லெப்பை ஒருவரும் வந்திருந்தார்.

"அல்லாஹ்ட நாட்டம், தங்கச்சி. இப்பதான் உறுதியாச்சு. அண்டைக்கே, அந்த லொறியிலயே மவுத்தாகிட்டாராம்" என்றார் மந்திரி.

"அப்ப ஆசுபத்திரி எண்டு சொன்ன?" என்று நான் பாய்ந்தேன்.

"அது... அந்த நேரம் ஒரு ஆறுதலுக்குச் சொன்ன."

ஆறுதலாம்! நாசமாய்ப் போன ஆறுதல்!

நதீரா உள்ளே போய்ப் பழைய வெள்ளைப் பிடவையை எடுத்து வந்தாள். லெப்பை தொண்டையைச் செருமினார்.

"மகள், இத்தா மவுத்தான நாளில இரிந்துதான் கணக்கு. அது எப்பவோ முடிஞ்சிட்டு. இனி இரிக்கத் தேவல்ல."

"முடிஞ்சிட்டா?"

"ஓம் மகள்."

அவள் மந்திரியின் பக்கம் திரும்பினாள். "நான் இத்தா இரிக்க வேண்டிய நாளெல்லாம் செவப்பு உடுத்துத் திரிஞ்சன். அவருக்காக நான் இன்னும் அழவே இல்ல. இனி எங்க போய்க் குந்தி அழுற? சொல்லுங்க!"

மந்திரி ஜீப்பைப் பார்த்தார். திரை கட்ட யாரும் எழவில்லை. அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டு நிற்க, என் தங்கை அந்தப் பிடவையில் முகத்தைப் புதைத்துக் கத்திக் கத்தி அழுதாள்.