பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர்

இந்தக் கதையை நான் பல ஆண்டுகளாக நம்பாமல்தான் இருந்தேன். சொன்னவர் டாக்டர் பூங்கோதை. புற்றுநோய் ஆராய்ச்சியாளர், எங்கள் அடுக்ககத்தில் எனக்கு மேல்தளத்தில் குடியிருப்பவர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். செல்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன என்று அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. கோயம்புத்தூரில் அவருடைய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன எவரும் அதைப் பார்த்திருக்கலாம். நான் நம்பாதது வேறொன்று. அவருடைய அப்பா நாச்சிமுத்து, பந்தியில் உட்கார்ந்த ஒருவரைக் கைபிடித்து எழுப்பினார் என்பதை.

நாச்சிமுத்துவை எனக்குத் தெரியும். பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேலாளர். ஒருமுறை அங்கே ஒரு கல்யாணத்துக்குப் பஸ் கெட்டு, எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். அவர் என் பெயரைக்கூடக் கேட்காமல் அடுப்பை மறுபடி மூட்டச் சொன்னார். அப்படிப்பட்டவர்.

பூங்கோதையின் நிலையத்தில் நோயாளியின் இரத்தத்திலிருந்து எதிர்ப்புச் செல்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்கள். வளர்ந்ததும் அவை எழுந்து வெளியே வந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் வரிசையாக உட்காரும். நோயாளியின் முகம், நோயாளியின் உடுப்பு, நோயாளியின் குணம். புற்றுநோயும் அப்படித்தான். சோதனைக்காக எடுத்த சதைத்துணுக்கைத் தட்டில் வைத்தால் அதுவும் அதே முகத்தோடு எழுந்து வரும். சிக்கலே அங்கேதான். ஒரே முகம் கொண்ட இரண்டு கூட்டத்தாரில் ஒரு கூட்டம் மற்றதை அடையாளம் கண்டு வெளியேற்ற வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது பூங்கோதையின் வேலை. பயிற்சி முடிந்ததும் செல்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொருவராக ஊசிக்குழாயில் இறங்கி, நோயாளியின் உடம்புக்குத் திரும்பிப் போவார்கள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் செல்களுக்கு எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை; சீட்டு இல்லாத நோயை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். தமிழாசிரியர் ஒருவரின் செல்கள் நோயைப் பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு மறந்துபோனார்கள். அவர் பங்குனியில் இறந்தார்.

பூங்கோதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது புராஸ்டேட் புற்றுநோய். மற்ற புற்றுகள் இடித்துத் தள்ளிக்கொண்டு வரும்; யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இது வயதான ஆண்களின் அடிவயிற்றில் சத்தமில்லாமல் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடும். அந்தக் குனிந்த தலையை அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தன் இளமை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்துவுக்கு அதுதான் வந்தது. முகூர்த்த நேரத்தில் அடிக்கடி ஒன்றுக்கு எழுந்து போக வேண்டியிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "குழாய் பழசாயிருச்சு, வாஷர் போயிருச்சு" என்று சமையல்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாராம். இடுப்பெலும்பு வலித்தபோதுதான் மகளிடம் வந்தார். ஹார்மோனை நிறுத்தும் ஊசிகளுக்கு நோய் கொஞ்ச காலம் கட்டுப்பட்டது, பிறகு கட்டுப்படவில்லை. மிச்சமிருந்தது மகளின் ஆராய்ச்சி மட்டும்.

அவருடைய செல்கள் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக எழுந்து வந்தார்கள். பெஞ்சில் உட்காரவில்லை. தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் நின்று, கையில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று வரவேற்றார்கள். தண்ணீர்க் கேன் கொண்டுவந்தவர் சந்தனம் பூசிக்கொண்டு போனார். சோதனை அறையில் நோயை உட்காரவைத்தபோது, செல்கள் அதன் முன்னால் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைத்தார்கள்.

பூங்கோதையோடு வேலை பார்த்த டாக்டர் ஆசீர்வாதம், நாகர்கோவில்காரர், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ரெண்டாம் தடவ ரசம் ஊத்துதாவ."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"கேன்சர் போதும் போதும்னுதான் சொல்லுது. இவங்க விட மாட்டேங்காவ."

பூங்கோதை அப்பாவின் வார்டுக்குப் போனார். அவர் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மண்டபத்துல யாரையாவது வெளிய போகச் சொல்லியிருக்கீங்களா? கூப்பிடாம வந்து சாப்புடறவங்களை?"

"கூப்பிடாம வந்தவன்னு எப்படிக் கண்ணு தெரியும்? பொண்ணூட்டுக்காரங்க அவனை மாப்பிள்ளையூட்டு ஆளும்பாங்க. மாப்பிள்ளையூட்டுக்காரங்க பொண்ணூட்டு ஆளும்பாங்க. நடுவால அவன் பாட்டுக்குச் சாப்புட்டுப் போயிருவான்."

"நீங்க எந்தப் பக்கம்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அது கேக்கக் கூடாது கண்ணு. இலையில உக்காந்தவனை எழுப்பறது அதைவிடப் பாவம்."

"உங்களுக்குள்ள ஒருத்தன் உக்காந்திருக்கறான். அவனை நீங்க எழுப்பித்தான் ஆகோணும்."

நாச்சிமுத்து ஆரஞ்சின் நாரை மெதுவாக எடுத்தார். "அவன் சாப்புட்டு முடிக்கட்டுமே."

"அவன் முடிக்க மாட்டான்ப்பா."

செல்கள் தங்கள் ஆளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். நடிப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாது. நாச்சிமுத்து உண்மையாகவே ஒருவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்ப வேண்டும். செல்கள் சுவரோரம் நின்று அதைப் பார்க்க வேண்டும். நிலையத்தின் உணவுக்கூடத்தில் இலை போட்டார்கள். முதலில் ஆசீர்வாதம் உட்கார்ந்தார். நாச்சிமுத்து அவர் முன்னால் வந்து, வாயைத் திறந்து, மூடி, பொரியல் வைத்துவிட்டு நகர்ந்தார். ஆசீர்வாதம் பாயசம் வரை சாப்பிட்டார்.

"எழும்பணும்னுதான் உக்காந்தேன்" என்றார் பூங்கோதையிடம். "அதுக்குள்ள அப்பளம் வந்துட்டு."

அடுத்து ஒரு நர்ஸ் உட்கார்ந்தார். நாச்சிமுத்து அவருக்கு வீட்டுக்கும் கட்டிக் கொடுத்து அனுப்பினார். எலும்பு வலி முதுகுக்கு ஏறியது. படுக்கையிலிருந்து எழுந்து நிற்க அவருக்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு முறைதான் நிற்க முடியும் என்று தோன்றிய நாளில் பூங்கோதையே இலையில் உட்கார்ந்தார். பசி உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. பச்சைப்பயிறு கடைந்ததை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டு, இரண்டாவது வாய்க்கு எடுத்தார்.

நாச்சிமுத்து வரிசையாக நடந்து வந்து மகளுக்கு முன்னால் நின்றார். கரண்டியிலிருந்து நெய் தரையில் சொட்டியது.

"நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு.

"எந்திரிங்க."

குனிந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினார். சோற்றோடு இலையை மடித்தார். சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். பூங்கோதை கை கழுவிவிட்டு வந்தபோது, அவர்கள் சோதனை அறையில் நோயின் இலையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே செருப்புகளைத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு எல்லாரும் குழாயில் இறங்கினார்கள். அடுத்த வாரங்களில் நாச்சிமுத்துவின் இரத்தத்தில் நோயின் அளவு இறங்கிக்கொண்டே வந்து, பிறகு அளக்க எதுவும் இல்லாமல் போயிற்று. ஸ்கேன் படத்தில் எலும்புகள் புதுச் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தன. அவர் யாரும் பிடிக்காமல் எழுந்து நடந்து பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போனார். மகளிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அவசரத்தில் மறந்திருப்பார் என்று பூங்கோதை நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சி வீட்டுக்குப் போனபோது, அப்பா வாசல் கேட்டில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"வணக்கமுங்க. நீங்க எந்தப் பக்கமுங்க?"

"அப்பா, நான் பொண்ணுப்பா."

"பொண்ணூட்டுக்காரங்க எல்லாரும் வந்தாச்சுங்களே" என்றார், குரலில் எந்தக் கடுமையும் இல்லாமல். பிறகு கேட்டைச் சாத்தினார்.

கேட்டுக்கு வெளியே, சுவரில் சாய்த்து வைத்த நிலையில் இறந்துபோன அம்மாவின் படம் இருந்தது. மாலை வாடியிருந்தது. அம்மாவையும் கேட்டிருக்கிறார்; பதில் வரவில்லை. பூங்கோதை படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். பழப்பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோதும் அது அங்கேயே தொங்கியது.

ஆசீர்வாதம் ஆராய்ச்சி முடிவுகளை எழுதும்போது இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். "வைத்தியம் நூத்துக்கு நூறு பலிச்சிருக்கு டாக்டர்" என்றார் கடைசியில். "இத பக்கவிளைவுன்னு போடவா, பலன்னு போடவா?"

பூங்கோதை எதிலும் போட வேண்டாம் என்றார்.

வெயில் உச்சியில் இருந்த ஒரு மதியம் பூங்கோதையின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அப்பாவின் முகம். வெள்ளைச் சட்டை, வேட்டி, வெறுங்கால். தார் ரோட்டில் சுட்டுப்போன கால்களை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றார். வலக்கை விரல்களில் சோறு காய்ந்திருந்தது.

"கண்ணு" என்றார். "பாதிச் சாப்பாட்டுல எழுப்பி விட்டுட்டாங்க."

"யாரு?"

"நம்ம ஆளுங்கதான். அவங்க மேல குத்தமில்லை. கூட்டம் சாஸ்தியாட்டம் இருக்குது." பிறகு, உள்ளே எட்டிப் பார்த்து, "நீ சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

பூங்கோதைக்கு அது யார் என்று தெரியும். அந்தக் குனிந்த தலையை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. வழிவிட்டு நின்றார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். இலை போட்டார். அது தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், நிறையச் சாப்பிட்டது. நடுநடுவே நிமிர்ந்து அவருக்கும் ஒரு கரண்டி வைத்தது.

மறுநாள் இரண்டு பேர் இருந்தார்கள். எலும்பிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கொஞ்சம் நொண்டிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார்கள். உடம்புக்கு வெளியே அவர்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, சாப்பிட்டார்கள், பெருகினார்கள். பூங்கோதை சோபாவை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டு முழுவதும் நின்று, பாத்துப் போ கண்ணு, பாத்துப் போ கண்ணு என்று வழியனுப்பினார்கள். அவர் போய் அவர்களைப் போன்றவர்களை வெளியேற்றும் வேலையைச் செய்துவிட்டு, சாயங்காலம் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இவ்வளவையும் எனக்குச் சொல்லும்போது பூங்கோதை ஒருமுறைகூட நிறுத்தவில்லை. நான்தான் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, அது எப்படி முடியும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மகளை இலையிலிருந்து எழுப்ப அந்த மனிதரின் கை எப்படி நீண்டது? மகள் என்று தெரிந்து நீண்டதா, தெரியாமல் நீண்டதா? நீளாத கையை நீண்டதாக ஒரு மகள் ஏன் சொல்ல வேண்டும்? என் தலைக்கு மேலே, அவர்கள் பந்திக்கு உட்காரும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

சில மாதங்களாக நானும் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது. போன வாரம் மேலே போனேன். படியிலேயே சந்தனம் கொடுத்தார்கள்; சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். எனக்கு இடப்பக்கம் இலை காலியாக இருந்தது. நான் சோற்றில் கை வைத்த நேரத்தில் ஒருவர் சத்தமில்லாமல் வந்து அங்கே உட்கார்ந்தார். நான் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. முகமும் என்னுடையதுதான். அவர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைத்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

ரசம் கொண்டுவந்த பூங்கோதை எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"டாக்டர், அன்னைக்கு எந்திரிங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, உங்க அப்பா உங்களை ஒரு தடவையாவது கண்ணுன்னு கூப்பிட்டாரா?"