ஒபதியாவின் குமாரன்

என் வீட்டுக்காரரைத் தலைவனாக்கியவர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சும்மா தலைவன் இல்லை, இஸ்ரவேல் தேசத்துக் கோத்திரத் தலைவன்! கிறிஸ்துமஸுக்குத் திருநின்றவூரில் தாவீது ராஜா நாடகம். வாத்தியார்தான் ராஜா. தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து பேர் சொல்லிவிட்டு, ராஜாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

“ஊட்ல கோழிகூட உன் பேச்சைக் கேக்காது. நீ தலைவனா?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மடை திருப்பும்போதும் கஞ்சி குடிக்கும்போதும் ‘ஒபதியாவின் குமாரன் இஸ்மாயா வந்திருக்கிறேன், ராஜாவே’ என்று பத்து நாளாக அதே ஜபம். உளறினால் வேஷம் பக்கத்து வீட்டு மதுரைவீரனுக்குப் போய்விடும் என்று வாத்தியார் மிரட்டியிருந்தார்.

“அப்படி இன்னாதான் பண்ணான் அந்த இஸ்மாயா?”

“ஒண்ணும் பண்ணல. அவனை யாருக்குமே தெரியாதாம். ஆனா வேதத்துல பேரு கீது பாரு, சொர்ணம். அப்பன் பேரோட கீது.”

எனக்குச் சுருக்கென்றது. ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைந்தபோது உடைப்பில் இறங்கி மண்மூட்டை அடுக்கி, அங்கேயே செத்துப்போனவர் என் மாமனார். கரை நின்றது, ஊர் பிழைத்தது. அங்கே நட்ட கல்லில் பண்ணைக்காரர் உலகநாதர் பேரைத்தான் வெட்டியிருக்கிறார்கள். மாமனார் பேரை யாரும் சொன்னதில்லை. மருமகள் நானும் சொல்லக்கூடாது, வழக்கம் அப்படி.

நாடகத்தன்று சாயங்காலம் என் கல்யாணப் புடவையைப் போர்த்திக்கொண்டு, காகிதக் கிரீடத்தோடு மேடையேறினார் மனுஷன். முன்வரிசையில் உலகநாதர். அவரைப் பார்த்ததும் இவருக்கு வாய் அடைத்துப்போயிற்று. போச்சுடா என்று தலையில் கைவைத்தேன்.

“முனியன் மகன் துலுக்கானம் வந்துகீறேன், ராஜாவே!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “எந்த முனியன்டா?” என்றார் உலகநாதர்.

வாத்தியார் சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். “ஏரிக்கரையைக் காத்து உயிர்விட்ட முனியன்! அவர் குமாரனே, வருக. உன் ஆசனத்தில் உட்கார்” என்றார் சத்தமாக.

சிரிப்பு நின்றது. உலகநாதருக்கு நேர் எதிரே, மேடைமேல், நாற்காலியில், முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்தார் என் வீட்டுக்காரர். எங்கள் சனம் எழுந்து கைதட்டியது. நான் ஓவென்று அழுதேன். அந்த வாத்தியாருக்கு என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் தகும். அவர் நன்றாக இருக்கட்டும், அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவருக்கு ஒரே புலம்பல். “தப்பா சொல்ட்டேனே சொர்ணம். அடுத்த வருசம் வேஷம் தரமாட்டாரு.”

நான் முன்னால் போய்ப் படலைத் திறந்துவிட்டேன். வழக்கமாவது ஒண்ணாவது.

“முனியன் மகனே, உள்ள வாய்யா. சோறு ஆறுது.”