மடியில் கிடந்த கைகள்

ஃபாதர் ஜேக்கப் அந்த ஞாயிறு அருள்கொடைகளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஆவியானவர் ஒருவருக்குக் கொடுப்பது அவர் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வதற்கு அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் என்றார். முடிக்கும்போது மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் இளம் தம்பதியைக் காட்டினார்.

"நம்ம பங்குக்குப் புதுசா வந்திருக்காங்க. ரொனால்ட், அல்போன்சா. ரெண்டு பேருக்கும் காது கேக்காது. பூசையில நடக்கறத அவங்களுக்குச் சைகையில சொல்ல நம்மள்ல யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா கை தூக்குங்க."

பீடத்துக்கு இடப்பக்கம், கீபோர்டை ஒட்டிப் பாடகர் குழு உட்காரும் இடத்தில் சான்ட்ரா இருந்தாள். அவள் கைகள் மடியில் கிடந்தன. அவற்றை அவள் அசைக்கவில்லை.

அவளுக்குத் தெரியும். பேச்சு வருவதற்கு முன்பே சைகை வந்துவிட்டது. அவளுடைய அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது. கே.கே. நகரில் இருந்த காலத்தில் ரேஷன் கடை, வங்கி, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அவள்தான் அவர்களுக்கு வாய். ஜனங்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பத்தாவது படிக்கும்போது அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்பாவுக்கு அவள்தான் கையால் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா புரியாதவர் போல மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அவள் யாரிடமும் கையால் பேசியதில்லை.

கல்யாணமாகி மயிலாப்பூர் வந்தபோது கணவன் வில்லியத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கதை தெரியாது. பங்கு மக்களுக்கு அவள் குரலை மட்டும்தான் தெரியும். வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலை அவள் எடுத்தால் கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆண்டவர் கொடுத்த வரம் என்பார்கள். அவளைப் பெற்றவர்கள் ஒருநாளும் கேட்டிராத குரல் அது. அது மட்டும்தான் முழுக்கத் தன்னுடையது என்று அவள் நினைத்திருந்தாள்.

கச்சேரி ரோட்டில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே வில்லியம் கேட்டான். "ஏன் கை தூக்கல?"

"தூக்கினா முன்னாடி போய் நிக்கணும். அப்புறம் எங்க பாடறது?"

"பாடறதுக்கு அங்க பத்துப் பேர் இருக்காங்க."

"அடுத்த வாரம் ஃபாதர்கிட்ட சொல்றேன், வில்லி."

அடுத்த வாரம் அவள் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. வாரங்கள் ஏற ஏற, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடகர் குழுவின் இடத்திலிருந்து மூன்றாவது வரிசை நேராகத் தெரியும். தங்கள் பேச்சு யாருக்கும் புரியாது என்ற நம்பிக்கையில் அந்த இருவரும் பூசை நேரத்திலேயே மனம்விட்டுப் பேசிக்கொள்வார்கள். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் ரொனால்டின் செருப்பு அறுந்தது, வீட்டுக்காரர் தண்ணீருக்குச் சண்டை போட்டது, கர்ப்பமாக இருந்த அல்போன்சா நாள் முழுக்க மாங்காய் கேட்டது, எல்லாம் சான்ட்ராவுக்குத் தெரிந்தது. சில சமயம் சிரிப்புகூட வந்துவிடும். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். கதவில் காது வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று அவளுக்குப் புரியாமல் இல்லை.

ஒருநாள் அல்போன்சா வயிற்றைத் தொட்டுக் காட்டி, எழுத்து எழுத்தாக விரலில் ஒரு பெயரைச் சொன்னாள். டெல்பின். ஹாஸ்டலில் தனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த தோழியின் பெயர் என்றாள். ரொனால்ட் தலையாட்டினான். பெண் பிறந்தால் டெல்பின்.

பெண்தான் பிறந்தது.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் திருமுழுக்கு அன்று ரொனால்டின் அக்கா பிலோமினா முன்னால் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டாள். தி. நகரில் தையல் கடை வைத்திருப்பவள். அம்மா இறந்த பிறகு தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்தவள். குழந்தையின் வெள்ளை கவுனைக்கூட அவளே தைத்திருந்தாள். சைகை மொழி கற்காமல், எழுதிக் காட்டியே சமாளிப்பவள். கோயில் விஷயம் எதுவானாலும் தம்பிக்காகவும் தம்பி மனைவிக்காகவும் அவள்தான் பேசுவாள்.

"குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஃபாதர் பெற்றோரைப் பார்த்துக் கேட்டார்.

"ரோசலின்," என்றாள் பிலோமினா. அது அவளுடைய அம்மாவின் பெயர்.

சான்ட்ரா நிமிர்ந்தாள். அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்ன ஃபாதரின் உதடுகளையே அல்போன்சா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. குழந்தையை ஒரு கையில் சாய்த்துக்கொண்டு மறு கையால் கணவனிடம் கேட்டாள்: 'அவர் வாய் வேற மாதிரி போகுது. நம்ம பேரா சொல்றாரு?' ரொனால்ட் சட்டென்று பதில் சொன்னான்: 'அக்காவுக்குத் தெரியும். எழுதிக் குடுத்திருக்கேன். சும்மா இரு.'

அந்தக் கோயிலில் காது கேட்கிற அத்தனை பேரிலும் அந்தப் பெயர் தப்பு என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அதைச் சொன்னவள். இன்னொருத்தி சான்ட்ரா. எழுந்துபோய் ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குள் கீபோர்டில் சுருதி வந்துவிட்டது. தண்ணீர் குழந்தையின் நெற்றியில் விழுந்தபோது அவள் பாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குரல் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. அதை நினைக்கையில்தான் பின்னாளில் அவளுக்கு அதிகம் கூசியது.

பங்கு மண்டபத்தில் பிரியாணி பரிமாறினார்கள். நடுவில் ஒரு மேஜையில் கேக். அதன்மேல் இளஞ்சிவப்புக் கிரீமில் ரோசலின் என்று எழுதியிருந்தது.

அல்போன்சா அதைப் படித்தாள். குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு கேக்கைக் காட்டினாள், பிலோமினாவைக் காட்டினாள், கைகளை வேகமாக வீசிப் பேசினாள். தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. ஜனங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

பிலோமினா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "ஒண்ணுமில்ல ஃபாதர். சந்தோஷத்துல அழுவுறா. புள்ள பெத்த ஒடம்பு, வேற இன்னா."

ஃபாதர் சிரித்தபடி அல்போன்சாவின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கப் போனார். அல்போன்சா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

சான்ட்ரா தட்டைக் கீழே வைத்தாள். எப்படி நடந்து போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சந்தோஷம் இல்ல ஃபாதர்," என்றாள். "பேரு தப்புன்னு சொல்றாங்க. அவங்க வெச்ச பேரு டெல்பின்."

பிலோமினா அவளை முறைத்தாள். "உனக்கு இன்னாம்மா தெரியும்? இது எங்க வீட்டு விஷயம்."

சான்ட்ரா அல்போன்சாவின் பக்கம் திரும்பிக் கையால் பேசினாள். ஆண்டுக்கணக்கில் ஆடாத விரல்கள் முதலில் தடுமாறின. 'நான் சொல்லிட்டேன். டெல்பின்னு சொல்லிட்டேன்.'

அல்போன்சா அவள் கைகளையே பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். 'உனக்குத் தெரியுமா?'

'தெரியும்.'

'எப்போதிருந்து?'

'பொறந்ததுலருந்து.'

அல்போன்சா மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையும் புரியும்படி கைகளால் பேசினாள். முடிவில் சுற்றியிருந்தவர்களைக் காட்டி, 'இதையும் எல்லாருக்கும் சொல்லு,' என்றாள்.

வில்லியம் ஓரமாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபாதர் கேட்டார். "என்ன சொல்றாங்க?"

எதையாவது குறைத்துச் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பிலோமினா இப்போதுதான் அதைச் செய்தாள்.

"அல்போன்சா சொல்றத அப்படியே சொல்றேன்," என்று ஆரம்பித்தாள். பழைய பழக்கத்தில் அல்போன்சாவே பேசுவது போல 'நாங்க', 'என்' என்றே சொன்னாள். "ஃபாதர் எங்களக் காட்டிக் கை தூக்கச் சொன்ன அன்னைக்கு இந்தப் பொண்ணு அங்கதான் உக்காந்திருந்தா. இத்தன மாசமா நாங்க பேசறதப் பாத்துக்கினே இருந்திருக்கா. என் புள்ளைக்கு வேற பேர் வெக்கறப்போ பாடிக்கினு இருந்தா. என் நாத்தனார் எங்களக் கேக்காம பேர மாத்திட்டாங்க. அவங்களுக்கு எங்க பாஷ தெரியாது. இவளுக்குத் தெரியும்."

சான்ட்ராவின் காதுமடல்கள் எரிந்தன. பாடகர் குழுவினர் ஒரே மேஜையில் இருந்தார்கள்; அந்தப் பக்கம் திரும்ப அவளால் முடியவில்லை. பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கம்மா பேருதானே," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். ரொனால்ட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

அன்று மாலையே ஃபாதர் பங்குப் பதிவேட்டில் பெயரைத் திருத்தினார். பெற்றோரிடம் நேராகக் கேட்காதது தன் தப்பு என்று அவர்களிடம் சொன்னார். அதையும் சான்ட்ராதான் கையால் சொன்னாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவள் வாசக மேடைக்குக் கீழே, மூன்றாவது வரிசைக்கு எதிரே நின்றாள். அவளை யாரும் கேட்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பதிலுரைப் பாடலை வேறொரு பெண் பாடினாள். சான்ட்ரா அதைக் கைகளால் சொன்னாள். ரொனால்ட் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அல்போன்சா அவள் கைகளை மட்டும் பார்த்தாள். முகம் வரை அவள் கண்கள் வரவில்லை.

கிறிஸ்துமசுக்கு முன்னால், பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் நடந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அல்போன்சா அதற்குப் போனதே இல்லை. ஃபாதர் அவளைக் கூப்பிட்டு, சான்ட்ராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம், திருச்சபை அதை அனுமதிக்கிறது, சான்ட்ராவும் ரகசியத்தைக் காப்பாற்றக் கடமைப்பட்டவள் என்றார். சான்ட்ரா அதைச் சொல்லி முடித்தபோது, அல்போன்சா முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

சான்ட்ரா அதை ஃபாதரிடம் அப்படியே சொன்னாள். "பூசைக்கு இவ கை போதும். என் பாவம் இவ வழியா போக வேணாம். நான் போன்ல டைப் பண்ணிக் காட்டறேன், நீங்க படிச்சிக்கோங்க."

ஃபாதர் சங்கடத்தோடு சான்ட்ராவைப் பார்த்தார்.

"அவங்க சொல்றது சரிதான் ஃபாதர்," என்றாள் அவள். பிறகு, அது மொழிபெயர்ப்பு அல்ல, தன்னுடைய வார்த்தை என்பதால், அதையும் கையால் அல்போன்சாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டுத் தள்ளிப்போய், அவர்கள் கைகள் தன் கண்ணில் படாதபடி ஒரு தூணுக்குப் பின்னால், பீடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.