பி.பி. நம்பர்

எங்கள் மளிகைக் கடைப் போனில் நாங்கள் பேசியது குறைவு. திரேஸ்புரத்தில் அந்தத் தெரு முழுக்க அதைத்தான் தன் போன் என்று எழுதிக் கொடுத்திருந்தது. பள்ளிக்கூடமோ தோணி ஆபீசோ, எங்கே நம்பர் கேட்டாலும் எங்கள் நம்பரை எழுதிப் பக்கத்தில் பி.பி. என்று போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் போன், கூப்பிட்டால் ஆளைக் கூட்டிவருவார்கள் என்று அர்த்தம். கூட்டிவருகிற அந்த ஆள் நான்தான். எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கும். கையைத் துடைத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்க் கத்திவிட்டு வரவேண்டும். வாய்க்குள் திட்டிக்கொண்டே போவேன். ஆனால் ஒரு தடவைகூட எடுக்காமல் விட்டதில்லை.

செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம் அது. என் கொழுந்தன் செந்தில்வேல் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தான். அதில் பத்திரிகையோடு இனாமாக வந்த சி.டி.யிலிருந்து, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸைப் போட்டிருந்தான். “எல்லாரும் வச்சிருக்கது களவுச் சரக்கு மதினி. இத யாரும் பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம், கேக்க ஆள் கிடையாது” என்பான். பிரித்ததுதான் மிச்சம். இன்டர்நெட் மட்டும் வரவில்லை. போன் ஒயர் வழியாக இன்டர்நெட்டைக் கொண்டுவர கம்ப்யூட்டருக்குள் இருந்த மோடத்தை அந்த லினக்ஸ் ஆளாகவே மதிக்கவில்லை. அதனால் துறைமுகத்துப் பக்கம் மூடிப்போன ஒரு கப்பல் ஏஜென்சியின் சாமான்களை விற்றபோது, வெளியே வைக்கிற மோடம் ஒன்றைத் தூக்கிவந்தான். ஆபீசில் ஆள் இல்லாத நேரத்தில் தானாகவே போனை எடுத்து பேக்ஸ் வாங்கிக்கொண்டிருந்த பெட்டியாம். அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

இரண்டு வீடு தள்ளி இருந்தவள் ஜீவமணி. அவள் வீட்டுக்காரர் இனிகோ தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போயிருந்தார். சரக்கு இறக்கும்போது மூட்டை தூக்குகிற கட்டை முறிந்து தலையில் விழுந்துவிட்டது. அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த நாகர்கோவில் நர்ஸ் ஒருத்திதான் எங்கள் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். நினைவு இல்லை, பார்க்கலாம் என்றாள். “இங்கிருந்து லைன் கிடைக்கிறது கஷ்டம். மெயில் இருந்தா சொல்லுங்க, எழுதுறேன்” என்றாள். செந்தில் என் கையிலிருந்து போனை வாங்கித் தன் மெயில் விலாசத்தைச் சொன்னான்.

அது சரிதான். பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். மறுநாள் ஊரில் யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று பந்த். பஸ் இல்லை. பிரவுசிங் சென்டரும் வெளிநாடு பேசுகிற பூத்தும் பூட்டிக் கிடந்தன. எங்கள் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது, வருவதை எடுக்கத்தான் முடியும். சரக்கெடுக்க ஏரல் போன என் வீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜீவமணி குனிந்து உள்ளே வந்தாள். தலைகூடச் சீவவில்லை.

“யக்கா, எதாவது வந்துச்சா?”

“போன் வரலளா. வந்தா ஓடி வர மாட்டேனா நான்?”

செந்தில் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். “மெயில் வந்திருக்கும் மதினி. இன்னைக்கு இங்கனயே நெட்டப் போட்டுருதேன். போன் ஒயர மட்டும் தாங்க.”

“ஏலே, அது தெருவுக்கே போன். பிடுங்கிட்டா யாரு எடுப்பா?”

“செத்த நேரந்தான்.”

நான் மேலே பேசுவதற்குள் ஜீவமணி, “குடுங்கக்கா. அவுகளப் பத்தி ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும்” என்றாள். அவள் கேட்ட பிறகு நான் என்ன சொல்ல? ஒயர் மோடத்துக்குப் போனது. போன் மேஜையில் சும்மா கிடந்தது.

மத்தியானம் முழுக்க அந்தப் பெட்டியோடு மல்லுக்கு நின்றான். கறுப்புத் திரையில் என்னத்தையோ அடிப்பான். டயல் டோன் இல்லை என்று அது பதில் சொல்லும். டோன் இருக்கிறது, நான் காதால் கேட்டிருக்கிறேன், இந்த மூதேவிக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் பத்திரிகையைப் புரட்டுவான், மறுபடி அடிப்பான். சோறு ஆறிப்போய் அப்படியே இருந்தது.

அவன் பத்திரிகைக்குள் தலையை விட்டிருந்தபோது பெட்டி தானாக ‘டிக்’ என்றது. சிவப்பு விளக்குகள் ஓடின. தகரத்தை ஆணியால் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சல்.

“நான் இன்னும் டயலே பண்ணலியே” என்றான்.

“பிறகென்னலே கத்துது?”

“லைன் பிடிக்குது மதினி. உசுரு வந்துட்டு பெட்டிக்கு.” அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அது அடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அப்படியே ஆனது. யாரும் தொடவில்லை, தானாகக் கத்தியது. ஜீவமணி நாற்காலியை விட்டு எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

“தம்பி, உள்ள யாரோ பேசுத மாதிரி இருக்கு.”

செந்தில் சிரித்தான். “அது ரெண்டு மிஷின் பேசிக்கிடுததுக்கா. முதல்ல கேக்கவங்களுக்கு அப்படித்தான் தோணும்.” கீச்சல் காதைக் குத்துகிறது என்று பக்கவாட்டில் இருந்த திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தான். அவள் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காதை எடுக்காமல்தான் நின்றாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் அவனுக்கு வழி பிடிபட்டது. டோனுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டு டயல் பண்ணு என்று பெட்டிக்குச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறதாம். அதை அடித்தான். பெட்டி டயல் பண்ணியது, கத்தியது, இந்தத் தடவை கத்தி முடித்து அமைதியானது. “கனெக்ட் ஆயிட்டு” என்று மேஜையைத் தட்டினான். ஜீவமணி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கே அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மெயில் வந்திருந்தது. நர்ஸ் காலையிலேயே எழுதியிருக்கிறாள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். செந்தில் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

“இனிகோ அண்ணன் கண் முழிச்சிட்டார். நல்லா பேசுறார். சாயங்காலம் தலையில ஆபரேஷன். அதுக்கு முன்னால வீட்டுக்காரிகிட்ட பேசணும்னு சொல்றார். மத்தியானம் போனை அவர் படுக்கைக்கே கொண்டு வந்து பேச வைக்கிறேன். அக்காவைப் போன் பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க.”

“கண்ணு முழிச்சிட்டாகளா” என்று ஜீவமணி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுகையும் வந்தது. “பேசுதாகளாம்க்கா. நல்லா பேசுதாகளாம்.”

மத்தியானம் என்கிற வார்த்தை அவள் காதில் விழவே இல்லை. செந்திலுக்கு விழுந்துவிட்டது. தானாகவே போனை எடுக்கிற அந்தப் பெட்டியையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து ஒயரைப் பிடுங்கிப் போனில் செருகினான். இரண்டு தடவை தவறிவிட்டது.

ஜீவமணி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு வைத்த பிறகு நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்து முடிப்பதற்குள் மணி அடித்தது. பழக்க தோஷம், நான்தான் எடுத்தேன். அவள் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டாள்.

நர்ஸ்தான். “அக்கா இருக்காங்களா? மனசத் தேத்திக்கிடச் சொல்லுங்க. தியேட்டருக்குக் கொண்டு போனோம். பாதியிலயே போயிட்டார்.”

ஜீவமணி ஒட்டிய காதை எடுக்கவில்லை. எனக்குத்தான் வாய் பொங்கிவிட்டது. “மத்தியானம் பேச வைக்கேன்னு எழுதினியளேம்மா. ஒரு வார்த்தை பேச வச்சிருக்கக் கூடாதா?”

“பேசினாரே” என்றாள் அவள். “ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க எடுத்தீங்க. ஒரே இரைச்சல். வெளிநாட்டு லைன் இப்படித்தான் இருக்கும், அவளுக்குக் கேக்கும்னு சொல்லி, அவர் அந்த இரைச்சலுக்குள்ளயே பேசினார். லைன் கட்டாகுற வரைக்கும் பேசினார். அவர் பொண்டாட்டிகிட்ட பேசுறார், நாம நிக்கக் கூடாதுன்னு நான் தள்ளிப் போயிட்டேன்.” பிறகு, “அக்காவுக்குக் கேட்டுதுதானே?” என்றாள்.

ஜீவமணி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

“கேட்டுச்சும்மா” என்றாள். “பேசினாக.”

வைத்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. செந்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அவனை வாய்க்கு வந்தபடி ஏசவேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அவள் அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“தம்பி, நான் சொன்னேம்லா, உள்ள யாரோ பேசுதாகன்னு.”

அவள் மேஜைமேல் இருந்த பெட்டியைக் காட்டினாள்.

“அந்தச் சத்தத்த இன்னொரு தடவை போட முடியுமா? திருகைக் குறைக்காம.”

அவர் அதில் இல்லை, அது வெறும் மிஷின் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து போன் ஒயரைப் பிடுங்கி மறுபடி மோடத்தில் செருகினான். திருகை முழுசாகத் திருப்பிவிட்டு டயல் பண்ணினான். பெட்டி கத்த ஆரம்பித்ததும் ஜீவமணி அதன்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் போய் ஷட்டரை முழுசாக இறக்கினேன்.